கடல் தெளியட்டும்

எங்கள் சபையில் சனிக்கிழமை என்றால் வெளி ஊழியம். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, கைப்பிரதிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எர்ணாவூர்த் தெருக்களில் இறங்கிவிடுவோம். வீட்டுக்கு வீடு கதவைத் தட்டி, "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்க வேண்டும். எனக்கு இது பிடித்த வேலை என்று சொன்னால் பொய். நான் பள்ளிக்கூடத்து டீச்சர். வாரம் முழுக்கக் கத்தித் தீர்த்துவிட்டு, அன்றைக்காவது வாயை மூடிக்கொண்டு கிடக்கலாம் என்றிருக்கும். ஆனால் தான் பெற்றதைப் பிறருக்குக் கொடுக்காதவர் விசுவாசியே இல்லை என்று பாஸ்டர் சொல்லிச் சொல்லி, அது என் மண்டையில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. போகாத வாரம் மனசு கேட்காது.

போனால் மட்டும் என்ன வாழ்ந்தது? கொடியில் காயும் துணியில் சாம்பல் படிந்திருக்கும். எந்தத் தொழிற்சாலையிலிருந்து என்று தெரியாத ஒரு நெடி தொண்டையைக் கமறவைக்கும். பெரிய சாலையில் கன்டெய்னர் லாரிகள் மூச்சு விடாமல் போய்க்கொண்டிருக்கும்; அதில் யாராவது அடிபட்ட வீடு தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். அந்த வாசலில் நின்றுகொண்டு நான் சமாதானத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு தடவை ஒரு அம்மாள் கைப்பிரதியை வாங்கி, அதாலேயே முகத்துக்கு விசிறிக்கொண்டு, "உங்க சாமியாண்ட சொல்லி மொதல்ல இந்த நாத்தத்த நிறுத்தச் சொல்லும்மா, அப்பால நா வந்து பாட்டு பாடறேன்" என்றார். கூட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அவர் கேட்டதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

இத்தனை வருஷத்தில் நான் கூட்டிவந்து சபையில் நிலைத்தது ஒரே ஒருவர்தான். மேம்பாலத்துக்குக் கீழே மீன் விற்றுக்கொண்டிருந்த அக்கா. புருஷன் செத்து வெகுநாள் ஆகிவிட்டது, பிள்ளை இல்லை. சுனாமி குடியிருப்பில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். புருஷனின் தம்பி குடும்பம் அதே வளாகத்தில் அடுத்த பிளாக்கில் இருந்தது. விடிவதற்கு முன்னால் ஷேர் ஆட்டோவில் காசிமேடு போய், ஏலத்தில் எடுத்த மீனை அன்னக்கூடையில் கொண்டுவந்து, வெயில் ஏறுவதற்குள் விற்றுவிடுவார். சாயங்காலம் கருவாடு.

நான் கொடுத்த கைப்பிரதியில் அவர் சென்னாக்குன்னி என்கிற பொடி இறாலைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "இன்னா டீச்சரு, இந்த பேப்பரு தண்ணிய இஸ்க்கவே மாட்டேங்குது? நல்ல பேப்பரா குடுக்கச் சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படிக்கத் தெரியாதாம். "இன்னாதான் எய்திகீது, நீயே படிச்சு சொல்லு" என்று மணைப்பலகையை என் பக்கம் தள்ளினார். அதில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவது வழக்கமாயிற்று. வீடு வரைக்கும் என் சேலையோடு கருவாட்டு வாசனையும் வரும். சொர்க்கம், நரகம், பாவம், மன்னிப்பு எதிலும் அக்காவுக்கு அக்கறை இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நா செத்தா என்ன யாரு டீச்சரு தூக்குவாங்க?"

கொழுந்தனார் இருக்கிறாரே என்றேன். "அவன் பொண்டாட்டி புள்ளைக்கே அவனால முடியல. நா ஒரு தொல்ல. தூக்குவான், மூஞ்ச தூக்கி வெச்சிகினு தூக்குவான். எனக்கு அது வேணா. நம்ம ஆளுன்னு தூக்கணும்."

"சபை தூக்கும் அக்கா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் சபையில் ஒருவர் இறந்தால் அத்தனை பேரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருவார்கள். வெள்ளைத் துணி போர்த்தி, வாசலில் பாட்டுப் பாடி, ஆண்கள் மாறி மாறித் தோள் கொடுத்து, கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்தே கொண்டுபோவார்கள். அந்த வாரமே ஒரு தாத்தாவின் அடக்கத்துக்கு அக்காவைக் கூட்டிப்போனேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்று முழுவதையும் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீனைப் போட்டுவிட்டுச் சபைக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்டர் நல்ல மனிதர். இதை நான் இப்போதும் சொல்வேன். யாரையும் அவசரப்படுத்த மாட்டார். ஆனால் பழைய வழியில் ஒரு காலும் புது வழியில் ஒரு காலும் வைக்கக்கூடாது என்பதில் பிடிவாதம். ஆகவே அந்த வருஷம் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தபோது அக்கா கொடுக்கவில்லை. ஆடி மாதக் கூழையும் வாங்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எண்ணூர்ப் பக்கத்து மீனவ ஜனத்துக்குக் கோயில் வரி கொடுப்பவர்தான் ஊர். கொடுக்காதவர் ஊர் இல்லை. கொழுந்தனார் வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்.

"இனிமே உனுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. உன் சிலுவக்காரங்களே வந்து எல்லாத்தையும் பாத்துக்கட்டும்!"

அந்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் அக்கா எழுந்து நின்று, "எனுக்கு இனிமே நீங்கதான்" என்றார். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. நானும் சொன்னேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

பாக்கி இருந்தது ஞானஸ்நானம் ஒன்றுதான். எங்கள் சபையில் தலையில் தண்ணீர் தெளிப்பதெல்லாம் கணக்கில் சேராது. முழுகி எழ வேண்டும். அதுவும் தொட்டியில் இல்லை, கடலில், நாலு பேர் பார்க்க. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அலை அடங்கிய ஓர் இடம் உண்டு. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்ததால் முதலில் தள்ளிப்போயிற்று. பிறகு பெருமழை வந்தது. அந்த வெள்ளத்தோடு தொழிற்சாலைக் கழிவு எண்ணெயும் ஆற்றில் கலந்து வந்துவிட்டது.

அந்தக் கறுப்பை நான் மறக்க மாட்டேன். ஆற்றின் மேல் தார் ஊற்றியது போல் படர்ந்து, படகு, வலை, வீட்டுச் சுவர், நண்டு, நாரை ஒன்றையும் விடவில்லை. ஜனங்கள் வெறும் கையால், பிளாஸ்டிக் முறத்தால் அதை வழித்து டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் போய் வழித்தார். மீன் வியாபாரம் படுத்துவிட்டது. "தோ பாரும்மா, இது காசிமேட்டு மீனு, நம்ம ஆத்து மீனு இல்ல" என்று தொண்டை வற்றக் கத்துவார். வாங்குகிறவர்கள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். வீடு வீடாகப் போன நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? கடைசிக் காலத்தின் அடையாளம் என்றோம். எண்ணெய்க் கையோடு நிற்கிறவர்களிடம் அதைச் சொல்லிவிட்டு, கைப்பிரதியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றோம்.

அக்காவுக்கு ஏற்கனவே மூச்சு இழுப்பு உண்டு. எண்ணெய் வழித்த பிறகு அது அதிகமாயிற்று. நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுவார். நான் பாஸ்டரிடம் போனேன்.

"ஐயா, ஒரு பெரிய டிரம்ல தண்ணி நிரப்பி இப்பவே கொடுத்துடுங்க."

"கடல் தெளியட்டும் சிஸ்டர். எல்லாரும் சேர்ந்து சாட்சியா செய்வோம்."

"தெளியலன்னா?"

"தெளியும். ஜெபிப்போம்" என்றார். நிஜமாகவே ஜெபித்தார். கடல் தெளிய வேண்டும் என்று நாங்கள் உபவாசம்கூட இருந்தோம்.

மெரினாவுக்குப் போய்விடலாமா என்று ஒருவர் கேட்டார். அக்காவே மாட்டேன் என்றுவிட்டார். "டிரம்முல முங்க நா இன்னா ஊறுகாயா? மெரினால என்ன எவனுக்குத் தெரியும்? இங்க, இவனுங்க கண்ணு முன்னால முங்கணும். அப்பத்தான் எனக்கு ஆளு கீதுன்னு தெரியும்." பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு விசுவாசத்தைச் சபையில் பார்த்ததில்லை என்றார். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பேருமே ஒரே பக்கம் நிற்கும்போது நான் யாரோடு சண்டை போடுவது?

எண்ணெய் மெல்ல மெல்லக் கரைந்தது. கரையில் கறுப்பு இருந்துகொண்டேயிருந்தது. முழுகினால் தோலில் கொப்புளம் வருகிறது என்றார்கள். இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்றார் பாஸ்டர். ஒரு விடிகாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்தது. முந்தின நாள் பக்கத்து அறைக்காரர்கள்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள்.

நானும் பாஸ்டரும் நேராகக் கல்லறைத் தோட்டத்துப் பெரியவரிடம் போனோம். அந்தத் தோட்டம் பல சபைகளுக்குப் பொது. குழி மேல் குழி தோண்டுகிற இடத்தில், ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று விதி. பெரியவர் கல் மனசுக்காரர் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ஞானஸ்நானம் ஆச்சா, இல்லையா? வாயால சொன்னாப் போதும். நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"ஆச்சு" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்க்காமல் பாஸ்டரைப் பார்த்தார். "பாஸ்டர் சொல்லட்டும்."

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். ஒரு வார்த்தை. எத்தனையோ மேடைகளில் எத்தனையோ ஆயிரம் வார்த்தைகள் பேசிய வாய். "ஐயா, சொல்லுங்க ஐயா" என்று கெஞ்சினேன்.

"இல்லை" என்றார். "இன்னும் ஆகல."

வெளியே வந்ததும் நடைபாதையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். பொய் சொல்லி அவரை மண்ணுக்குள் வைக்க முடியாது சிஸ்டர் என்றார். அப்போது எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அவர் மேல் மட்டும் இல்லை. அத்தனை பேர் உபவாசம் இருந்தும் ஒரு கை அகலக் கடலைச் சுத்தம் செய்து தராத ஆண்டவர் மேலும் எனக்கு அடங்காத ஆத்திரம். அந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. தணியும் என்று தோன்றவும் இல்லை.

ஐஸ் பெட்டியில் கிடந்த அக்காவை வைத்துக்கொண்டு நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது கொழுந்தனார் வந்தார்.  அவர் ஆட்கள் மூங்கிலும் தென்னை ஓலையும் கொண்டுவந்தார்கள். தாரை தப்பட்டை வந்தது. போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை எடுத்துவிட்டுக் கோடித் துணி போட்டார்கள். நெற்றியில் திருநீறு பூசி, காசு ஒட்டினார்கள். "சபைக்காரங்க எவனும் கிட்ட வரக்கூடாது" என்று ஒருவன் சொன்னான். மீறிக் கிட்டப் போகும் துணிச்சலும் எங்களில் யாருக்கும் இல்லை. சாலைக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்றோம். பாட ஆரம்பித்த ஒரு சிஸ்டரை நான்தான் கையமர்த்தினேன். எதிர்ப் பக்கத்தில் கொழுந்தனார் பாடையின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு, மாற்றுத் தோளுக்குக்கூடத் தராமல், கடைசி வரை தூக்கிக்கொண்டு போனார்.

அடக்கம் முடிந்து அவர்கள் திரும்பி வரும்போது நான் மட்டும் குடியிருப்பு வாசலில் நின்றிருந்தேன். தலைமுழுகிய ஈரத்தோடு கொழுந்தனார் நேராக என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"டீச்சரு," என்றார். "ஆசுபத்திரிக்குப் போறதுக்கு முன்னால, நா போய் அண்ணிய கூப்ட்டேன். வந்துடு அண்ணி, போனதெல்லாம் போவட்டும், வரிய நா கட்டிடறேன், எங்ககூட இருந்துடுன்னு சொன்னேன். மாட்டேன்னுடிச்சு. நீங்க யாரும் கஷ்டப்பட வேணா, எங்க சபையில என்ன தூக்குவாங்கன்னு சொல்லிச்சு. சிரிச்சுகினே சொல்லிச்சு. அத்த நம்பிகினேதான் போச்சு."

 கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விசுவாசத்தோடு மரித்தார் என்று எங்கள் சபையில் சொல்வது வழக்கம். அக்காவும் விசுவாசத்தோடுதான் மரித்தார். அவர் விசுவாசித்தது எங்களை.