சிவபாக்கியத்துக்கு பஸ் வேண்டாம்

பூம்பாறை பஸ்ஸை முந்தும்போது சிவபாக்கியம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏற்றத்து வளைவில் பூண்டு மூட்டை ஏற்றுவதற்காக பஸ் நிற்கும். கண்டக்டர் கூரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து அவள் சைக்கிள் உஸ்ஸென்று பக்கத்தில் ஏறி வரும். கணவனுடைய பழைய பேண்ட், அதற்கு மேல் நைட்டி, அதற்கும் மேல் ஆண்கள் போடுகிற ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா. பெல்லை ஒரே ஒரு தரம் அழுத்தி அடிப்பாள். ஜன்னலோர முகங்களுக்கு அது வேடிக்கை. அவளுக்கு அப்படி இல்லை.

"நிக்காமப் போனானுகல்ல. இப்ப அவனுக நிக்கட்டும், நான் போறேன்" என்பாள்.

நாற்பதைத் தாண்டிய, ஒடிசலான பெண். கொடைக்கானலில் ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில் வேலை. விருந்தாளிகள் கசக்கிப் போட்ட விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, தேய்த்து அடுக்க வேண்டும். தாயும் தகப்பனும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டபோது சின்னப் பிள்ளையாக வந்தவள். அந்தத் தோட்டத்துப் பேச்சில் அவளிடம் மிச்சம் இருப்பது 'ஏலாது' என்கிற ஒரு சொல்தான். அதை அவள் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கோபம் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் சைக்கிளுக்குக் காரணமான கோபம் ஒரு மழைக்காலக் காலையில் வந்தது. நகரத்துக்கு வெளியே, பூம்பாறைச் சாலையில் இருக்கிறது அவர்கள் குடியிருப்பு. அந்த வாரம் முழுக்க பஸ் அங்கே நிற்கவில்லை. நனைந்துகொண்டே நடந்து போய்ச் சேர்ந்தவளை ஹோட்டல் மேனேஜர் குழந்தைவேல் வாசலிலேயே நிறுத்தினார். "ஷிஃப்ட் ஸ்டார்ட் ஆயிடுச்சு. இன்னைக்கு உனக்கு வேலை கெடையாது, போ." உள்ளே போய்த் தலையைத் துவட்டிக்கொள்ளக்கூட விடவில்லை. வந்த வழியே நடந்தாள். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததில் தாடை வலித்தது.

ஹோட்டல் கொட்டகையில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன கியர் சைக்கிள் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. முன்சக்கரம் கோணல். "இடத்தை அடைக்குது, எடுத்துட்டுப் போ" என்று குழந்தைவேலே ஒருமுறை சொல்லியிருந்தார். மறுநாள் அவள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் இன்னொரு பிணம் கிடந்தது. அது அவள் கணவன் மணியன் வாங்கிய பேட்டரி சைக்கிள். பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம் என்று மலைக்குக் கீழேயிருந்து வந்த ஏஜெண்ட் பேசிய பேச்சில் மயங்கி வாங்கியது. கியர் கிடையாது. முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பிறகு கோழிகள்தான் அதில் உட்கார்ந்தன. மணியன் நல்லவன், யார் என்ன சொன்னாலும் நம்புகிறவன். அந்த நல்லதனத்தின் மேலும் அவளுக்குக் கோபம்.

பேட்டரி சைக்கிளின் மோட்டார் முன்சக்கரத்து நடுவில் இருந்தது. இரண்டு வண்டிக்கும் சக்கரம் ஒரே அளவு. கியர் வண்டியில் அந்தச் சக்கரத்தை மாட்டினால், தானும் மிதித்து மோட்டாரும் இழுத்தால் மலை ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். வயர்களைப் பிரிக்கும்போதே ஜாக்கெட் தைக்கிற நூலால் கலர் கலராக முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்தாள். பேட்டரிகள் செத்திருந்தன. காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துப் புதிது வாங்கினாள். மூளைப் பெட்டி என்று அவள் சொல்லும் கண்ட்ரோலரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு சீட்டுக்கு அடியில் கட்டினாள். இரண்டாயிரத்தெட்டில் ஊரெல்லாம் பவர்கட். கரண்ட் வந்த நேரத்தில் சார்ஜ் போட்டு, போன நேரத்தில் மந்திரியிலிருந்து லைன்மேன் வரை எல்லோரையும் திட்டினாள்.

முதல் நாள் மேட்டில் ஆக்சிலேட்டரைத் திருகியதும் சக்கரத்துக்குப் பதிலாக அச்சு சுற்றியது. வயரை முறுக்கி அறுத்துக்கொண்டு சக்கரம் கழன்றது. முழங்கை தோலுரிந்து, அவள் உண்ணிச்செடிப் புதருக்குள் கிடந்தாள். மணியன் சிரித்துவிட்டான். அவனோடு ஒரு வாரம் பேச்சில்லை.

வெல்டிங் பட்டறை அருள்தாஸ்தான் அச்சு சுற்றாமல் பிடிக்க இரண்டு இரும்புப் பட்டை அடித்து நட்டுப் போட்டுக் கொடுத்தான். "இந்த முன் ஃபோர்க், மோட்டாருக்குச் செஞ்சது இல்லக்கா" என்றான்.

"நானும் பெட்சீட்டு தொவைக்கப் பொறக்கலப்பா. வெரசா முடுக்கு."

வண்டி ஏறியது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள்தான் முதல் ஆளாக வந்து சலவைக் கூடத்தைத் திறந்தாள்.

மே மாதம் சீசன். ஹோட்டல் நிரம்பி வழிந்தது. விருந்தாளிகள் அவள் வண்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள், ஓட்டிப் பார்க்கக் கேட்டார்கள். அதைக் கவனித்த குழந்தைவேல் அவளைக் கூப்பிட்டார்.

"இது ஹோட்டல் ப்ராப்பர்ட்டிதானே. கெஸ்ட் லேக் சுத்த ரெண்ட்டுக்கு விடலாம்னு இருக்கேன். சாவியக் குடுத்துட்டுப் போ."

"நீங்கதான சார் எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க."

"ரிப்பேர் பண்ணத்தான் சொன்னேன். எழுதியா குடுத்தேன்?"

சிவபாக்கியம் வண்டியை வாசலுக்கு உருட்டி வந்தாள். பிறகு பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். போர்ட்டிகோவில், பெட்டிகளோடு வந்து இறங்குகிறவர்களுக்கு நடுவே, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். இரும்புப் பட்டைகளை, மோட்டார் சக்கரத்தை, வயர்களை, மூளைப் பெட்டியை, பேட்டரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். குழந்தைவேல் தாழ்ந்த குரலில், "சீன் போடாத, உள்ள வந்து பேசு" என்றார்.

"ஏலாது" என்றாள்.

முன்சக்கரம் இல்லாத வண்டி பளபளத்த தரையில் மூக்குக் குத்திக் கிடந்தது. "உங்க வண்டி உங்களுக்கு சார். என் சாமான் எனக்கு." பேட்டரிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, சக்கரத்தை உருட்டியபடி வெளியே போனாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் வீட்டுக்கு வழி. அங்கே பூம்பாறை பஸ் நின்றது. ஏறவில்லை. பாதி வழியில் சக்கரத்தைச் சாய்த்து வைத்தாள். ரோட்டோரத்தில் உட்கார்ந்து, வேலை போனதை நினைத்துக் கொஞ்சம் அழுதாள். அதற்கும் சேர்த்து அவர் மேல் கோபம் வந்தது.

ஹோட்டலில் ஈர விரிப்புகள் மலையாகக் குவிந்தன. சீசனில் மாற்று ஆள் கிடைக்கவில்லை. முதலாளி சத்தம் போட்டிருக்க வேண்டும். ஒரு காலையில் குடியிருப்பின் முன்னால் ஜீப் நின்றது. டை கட்டிய குழந்தைவேல், டிரைவரோடு சேர்ந்து சைக்கிளை இறக்கினார். டிரைவர் ஜீப்புக்குப் போய்விட்டான்.

"வண்டிய நீயே வச்சுக்க. வேலைக்கு வா" என்றார்.

"எழுதிக் குடுங்க சார்."

எழுதிக் கொடுத்தார். அவள் வாங்கி மணியனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு சக்கரத்தை எடுத்து வந்தாள்.

"புடிங்க" என்றாள்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மணியன் உதவ வந்தான். "நீங்க இருங்க" என்று அவனைத் தள்ளினாள். அவள் சக்கரத்தை மாட்டி, பட்டையை இறுக்கி, நூல் முடிச்சுப் பார்த்து வயரைச் சேர்த்து முடிக்கும்வரை மேனேஜர் குனிந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடியிருப்புப் பெண்கள் குடத்தோடு நின்று பார்த்தார்கள்.

முடிந்ததும் மேனேஜரின் கையெல்லாம் கிரீஸ் மசி. துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார்.

சிவபாக்கியம் பையிலிருந்து ஒரு பழந்துணியை எடுத்தாள். அவர் பிடித்திருந்த ஹேண்டில்பாரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அழுத்தித் துடைத்தாள். துணியை மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு, வண்டியில் ஏறினாள்.