அர்னாக் வளர்த்த கீரை

ஐம்பது வயது வரை அர்னாக்குக்கு இலை என்றால் மான் தின்கிற சாமான். வடதுருவத்தை ஒட்டிய பனி ஊர் ஒன்றில், கடைக் கல்லாவில் இருந்தாள். விமானத்தில் வந்து வதங்கிப்போன முட்டைக்கோஸை ஒருத்தி எடுத்தபோது, "வேண்டாம்டி, எங்க முதலாளி அக்குள் மாதிரி நாறுது" என்றாள். முதலாளி பின்னாலேயே நின்றிருந்தான். வேலை போயிற்று.

அந்தக் கோடையில் கப்பல் ஒரு பெரிய இரும்புக் கன்டெய்னரை இறக்கிவிட்டுப் போனது. உள்ளே வரிசையாக விளக்குகள், தண்ணீர்த் தொட்டிகள், மண் கிடையாது. ஒரு மரம்கூட முளைக்காத ஊரில் குளிர்காலம் முழுக்கக் காய்கறி விளையுமாம். பார்த்துக்கொள்ள ஆள் அகப்படாமல் மேயர் சிமியூனி தன் பெரியம்மா மகளான அர்னாக்கிடமே வந்தான்.

"அக்கா, உன்னை விட்டா நாதியில்லை."

"உள்ள சூடா இருக்குமாடா?"

"வெறும் சட்டையோட நிக்கலாம்."

"அப்ப சரி. உங்க மாமா குறட்டைக்கு இது தேவலை."

சத்து மருந்தைத் தாராளமாக ஊற்றி முதல் நாற்றைக் கொன்றாள். இரண்டாவது பிழைத்து, லெட்டூஸ் கீரை கொழுகொழுவென்று விரிந்தது. கணவன் துலுகாக் ஒரு கொத்தைப் பனிவண்டி இழுக்கும் நாய்களுக்குப் போட்டான். அவை முகர்ந்துவிட்டு அதன்மேல் காலைத் தூக்கின.

"பாத்தியா, நாய்க்கே தெரியுது."

"போன வாரம் உன் பூட்ஸ் மேலயும்தான் தூக்குச்சு. உன்னை என்ன, தூக்கியா போட்டுட்டேன்?"

சூரியன் தலைகாட்டாத மாதங்களில் ஊர்சனம் அந்த விளக்கு வெளிச்சத்துக்காகவே வந்து உட்கார்ந்தது. பிரசங்கம் எழுத வந்த பாதிரியார் முள்ளங்கிக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்து தூங்கினார்.

தெற்கிலிருந்து வரும் அதிகாரிக்குப் பச்சைக் கீரை விருந்து என்று மேயர் வாக்குக் கொடுத்திருந்த வாரம், பனிப்புயல் அடித்து ஊர் ஜெனரேட்டர் நின்றது. வீடுகளில் சூடும் போயிற்று. அர்னாக் துலுகாக்கின் வேட்டைக் கூடாரத்தைக் கன்டெய்னருக்குள்ளேயே கட்டி, செடிகளை அதற்குள் நெருக்கி, கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டினாள்.

"செடிக்கு மட்டும்தான் அடுப்பா? நாங்க விறைச்சுச் சாகவா?" என்று சொந்தக்காரர்கள் வந்து நுழைந்தார்கள். கூடாரத்தில் கால் நீட்ட இடமில்லை. யாருக்கோ காற்றுப் பிரிய, பழி பாதிரியார்மேல் விழுந்தது. துலுகாக் உறைந்த மீனைச் சீவிச் சீவிக் கொடுத்தான். மேயர் ஜெனரேட்டர் கொட்டகையிலேயே கிடக்க, அவன் மனைவி ஒரு துண்டைக் கீரையில் சுருட்டி வாயில் போட்டாள். பிறகு ஆளாளுக்குச் சுருட்டினார்கள். அர்னாக் தடுக்கவில்லை. குளிரில் நடுங்குகிறவர்கள் கையிலிருந்து எப்படிப் பிடுங்குவது?

கரண்டு வந்தபோது தொட்டிகளில் வேர்கள் மட்டும் மிதந்தன. அர்னாக் மூக்கைச் சிந்தி, சளி என்று சொல்லிக்கொண்டாள்.

அதிகாரி வந்திறங்கினார். மேயருக்கு வியர்த்தது.

"கீரை எங்கக்கா?"

"தின்னுட்டோம்."

"எல்லாத்தையுமா?"

"உன் பொண்டாட்டிதான் அதிகம்."

அதிகாரி சிரித்துவிட்டு, என்ன வேண்டும் என்று அவளையே கேட்டார்.

"செடிக்குன்னு தனியா ஒரு ஜெனரேட்டர். அடுத்த கப்பல்லயே வரணும். வெறும் பேச்சு இங்க ஏகப்பட்டது கிடக்கு."

வந்தது. அர்னாக் இப்போதும் கீரையை ஆடு மாதிரி மென்று முகம் சுளிக்கிறாள். காரம் ஏறும் முள்ளங்கியை மட்டும் விரும்பித் தின்கிறாள்.

"இது ஒண்ணுதான் திருப்பிக் கடிக்குது" என்பாள்.