தொட்டி மேட்டில் ஒரு வீடியோ கால்

எங்கள் தோட்டத்து லயத்தில் வீட்டுக்குள் போன் லைன் கிடைக்காது. கோயிலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் ஏறினால்தான் கிடைக்கும். அதுவும் அரைகுறைதான். அதனால் எங்கள் தோட்டத்தில் யார் போன் பேசினாலும் தொண்டை கிழியக் கத்துவார்கள். ஜாசின் டவுனுக்குப் பஸ்ஸில் போகும்போதும் அதே கத்தல். மானம் போகும்!

பக்கத்து வீட்டு அக்காவின் ஒரே மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. மலாக்கா பக்கம் செங் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை, அங்கேயே விடுதி. அக்காவிடம் இருந்ததோ பட்டன் போன், எழுத்தும் அவருக்கு வராது. அதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையோடு என்ன பேசுவது? அது லீவுக்கு வந்தால்தான் இருவருக்கும் பேச்சு, வீட்டுக்குள் அவர்களே உண்டாக்கிக்கொண்ட கை பாஷையில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பிள்ளையைப் பெண் கேட்டிருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சம்பந்தம் பேசியவர் அக்காவின் அண்ணன்.

“பிள்ளைக்கு மெசேஜ் போட்டுக் கேட்டுட்டேன். ஓகேன்னு அனுப்பிட்டா. பெறகு என்னா லா?” என்றார்.

அக்காவுக்கு மனசு ஆறவில்லை. “அவ கையால சொல்லாம நான் தலையாட்ட மாட்டேன்” என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னிடம் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன் ஒன்று இருந்தது. டாப்-அப் போட்டுக்கொண்டு மூவரும் மேடேறினோம்.

பிள்ளையின் முகம் தெரிந்ததுமே மாமன்காரர் ஆரம்பித்துவிட்டார். “ஹலோ! மாமா பேசுறேன்! கேக்குதா?”

“சும்மா இருங்கண்ணே, அவளுக்கு எங்க கேக்கும்!” என்று கடிந்துகொண்டேன். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது.

அக்காவுக்கு இரண்டு கையும் வேண்டுமே, போனை நான் நீட்டிப் பிடித்தேன். அவர் கையால் கேட்டார். பிள்ளையின் சிரிப்பு நின்றது. அதுவும் கையால் சொன்னது, சொல்லிக்கொண்டே அழுதது. அம்மாடி! போன் என்றால் காதுக்கான சாமான் என்றல்லவா நினைத்திருந்தேன்! நாங்கள் இத்தனை வருஷம் அந்த மேட்டில் கத்தியும் சொல்லாததையெல்லாம் சத்தமே இல்லாமல் இரண்டு பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“அவளுக்கு வேணாமாம்” என்றார் அக்கா. “மாமா கேட்டா மறுக்கவா முடியும்னுதான் ஓகே போட்டாளாம்.”

“அவங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?” என்று அண்ணன் எங்கள்மேல் பாய்ந்தார்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. “அவளையே கேளுங்க” என்று போனை அவர் பக்கம் திருப்பினேன். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. அவர் தங்கை பக்கம் திரும்பி, “வேணாமான்னு கேக்க எப்படிக் காட்டணும்?” என்றார்.

அக்கா காட்டினார். அண்ணன் தடித்த விரல்களை மடக்கி நீட்டி, தப்பும் தவறுமாகக் கேட்டார். பிள்ளை வேண்டாமென்று கையசைத்தது. அவர் நெஞ்சில் கை வைத்து, சரியென்று தலையாட்டினார்.

பிறந்த நாளிலிருந்து அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. அவரும் அதுவும் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.