அணைக்குத் தனியாகப் போக நினைத்தது

எனக்குக் கோர்வையாக எழுத வராதுங்க. பாதி மறந்தும் போச்சு, பொறுத்துக்கோங்க.

பனியன் கம்பெனியில் தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த காலம். மிஷின் சத்தம் தூக்கத்திலும் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக அமராவதி அணைக்குப் போய், தண்ணியைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்துவிட்டு வரணும் என்று ஆசை. பஸ் காசும் கட்டுச்சோறும் போதும்.

மருமகளிடம் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்க அத்தை, நான் ஏதாச்சும் தப்பாப் பேசீட்டனுங்களா?"

பொம்பளை தனியாக அணைக்குப் போனால், தண்ணியில் விழுந்து உயிரை விடத்தான் போகிறாள் என்று நினைப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. கம்பெனியில் பக்கத்தில் இருந்தவளோ, "கோயிலுக்குன்னு சொல்லீருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்கல்லங்க" என்று சிரித்தாள்.

போவதா வேண்டாமா என்று வாரமெல்லாம் கலக்கம். கடைசியில் ஞாயிறு காலையில் நானே இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன். "சாயங்காலம் வந்து நான்தான் ஆட்டுவேன், நீ தொடாதே கண்ணு" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

அணையில் யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாதென்று தண்ணிப் பக்கமே இறங்கவில்லை. மேலே மரத்தடியில் உட்கார்ந்து காற்று வாங்கினேன். அதுவே போதுமாக இருந்தது.

பொழுது சாய ஊட்டுக்கு வந்தால், மருமகள் வாசலிலேயே நிற்கிறாள். அரிசி அப்படியே ஊறிக்கொண்டிருந்தது.

உடுமலையில்தான் பஸ் மாறினதாக நினைவு. வழி தெரிஞ்சவங்க யாராவது சரிபார்த்துச் சொல்லுங்க.