சந்திரமதியின் வண்ணப் பட்டைகள்

சுவரில் ஒட்டிய கிராப் தாளில் அந்த வாரப் புள்ளியை வைத்துவிட்டு, சந்திரமதி இரண்டடி பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். பிறகு முன்னால் வந்து, போன வாரப் புள்ளியோடு அதை நீலப் பென்சிலால் இணைப்பாள். கோடு கீழே இறங்கினால், "ஏன்டி எறங்குற?" என்று கோட்டையே கேட்பாள். பதில் கிடைக்கும்வரை அவளுடைய தேநீர் மேசையில் ஆறிக்கொண்டிருக்கும்.

தானா ராத்தா என்ற மலை ஊருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், பாக்கெட் கட்டும் அறைக்கு அவள் கணக்கெழுதும் கிராணி ஆனது 1978இல். தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து கிராணி நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். முதல் நாள் அவளைப் பார்க்க மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு வந்து சன்னலில் எட்டிப் பார்த்தவர்கள் உண்டு. அவளோ கம்பளிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முந்திய கிராணி விட்டுப்போன பெட்டிக் கணக்கை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும், மலை இறங்கிய பெட்டிகளின் எண்ணிக்கை ஒரு புள்ளியாகும். அதோடு விட்டிருந்தால் அவள் சந்திரமதி இல்லை. "வெறுங்கோட்ட பாத்து என்னா தெரியும்? மல மாதிரி ஏறி எறங்குது, அவ்ளோதான் லா," என்பாள். கோட்டின் பின்னால் பட்டை பட்டையாக வண்ணம் தீட்டுவாள். சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு, நோன்பு மாதத்துக்கும் அது முடிந்து வரும் ஹரி ராயா பெருநாளுக்கும் பச்சை, தீபாவளிக்கு ஊதா, மண் சரிந்து சாலை மூடிய நாட்களுக்குப் பழுப்பு. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு மஞ்சள், சரியாக மூன்று நாள்.

நோன்பு மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். போன வருடத்துப் பட்டையைப் பார்த்து இந்த வருடத்துக்குப் போடுவது அவளைப் பொறுத்தவரை திருட்டு. சாலை எந்த மதியம் மூடியது, எந்தக் காலையில் திறந்தது என்று பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரிக்காரர்கள் மூன்று பேரையாவது நிறுத்திக் கேட்பாள். இருவர் சொல்வது ஒத்துப்போனால்தான் பழுப்புப் பென்சிலை எடுப்பாள்.

இந்தக் குணம் புதிதல்ல. எட்டு வயதிலேயே, உச்சிவேளைவரை பனி விலகாத நாட்களை லயத்துச் சுவரில் கரிக்கோடாகக் கிழித்து வைப்பாள். அப்பா திட்டுவார். பொங்கலுக்கு வெள்ளையடித்த அம்மா அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிட்டாள். அவளைவிட மூன்று வயது மூத்த அண்ணன் நாகப்பன் ஆறாம் வகுப்போடு நின்றவன், தோட்டத்து லாரி ஓட்டுபவன். வீட்டுக்கு வருகிறவர்களை அந்த ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது அவன் வழக்கம்.

1987இல், கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து கனகராஜ் என்ற அதிகாரி வந்தார். ஜீப்பில் அவரோடு ஒரு கம்ப்யூட்டரும் அச்சு இயந்திரமும் வந்தன. ஆண்டில் இரண்டு வாரம் விற்பனை காரணமில்லாமல் விழுகிறது, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு மாதத்தில். காரணம் தெரியாவிட்டால் பாக்கெட் அறையை மூடி, வேலையை ஈப்போவுக்கு மாற்றுவது என்று மேலே பேச்சு. மூடினால் அறையிலிருந்த பதினொரு பெண்களும் மறுபடி மலையேறிக் கொழுந்து கிள்ள வேண்டும். அவர்களில் முட்டி தேய்ந்துபோன அம்மாக்கண்ணு அக்காவால் படிகூட ஏற முடியாது.

கனகராஜ் நான்கு வருட எண்களைத் திரையின் கட்டங்களில் நிரப்பினார். அச்சு இயந்திரம் கறகறவென்று கோட்டைத் துப்பியது.

"சார், பட்டையெல்லாம் எங்க?" என்றாள் சந்திரமதி.

"இதுக்குக் கலர் தெரியாதும்மா. நம்பர் குடுத்தா கோடு போடும்."

"அப்போ பட்டையையும் நம்பராக் குடுங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. விற்பனைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை போடச் சொன்னாள். சும்மா வாரத்துக்குப் பூச்சியம், ஹரி ராயா வாரங்களுக்கு விற்பனைக் கோட்டைவிட உயரமாக எண்பது. "இது வித்த நம்பரு இல்லன்னு தலைப்புல எழுதிடுங்க, யாரும் ஏமாற மாட்டாங்க." அச்சில் இரண்டாவது கோடு தரையோடு படுத்து வந்து, ஹரி ராயாவில் ஒரு பெட்டி போல நிமிர்ந்து நின்று, மறுபடி இறங்கியது. விற்பனையின் ஏற்றம் அந்தப் பெட்டிக்குள் அடங்கி இருந்தது.

"அட, கோட்டுக்கு ஊடு கட்டிட்டாளே!" என்றாள் அம்மாக்கண்ணு.

ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு வரிசை ஏறியது. கடைசியாகத் திருவிழா. கனகராஜ் தாளில் விரலை வைத்தார். "மூணு நாள்னு போட்டிருக்கீங்க. ஆனா முந்தின வாரமே விழுந்துடுச்சே. அப்போ திருவிழா காரணமில்ல."

அறையில் பாக்கெட் மடிக்கும் ஓசை நின்றது. சந்திரமதி தேதிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது தேதியில் அவள் விரல் நின்றுவிட்டது.

"ஐயோ, காப்பு!" என்றாள்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே கோயிலில் காப்புக் கட்டிவிடுவார்கள். அதன்பின் யாரும் தோட்டத்து எல்லைக்கு வெளியே இரவு தங்குவதில்லை. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சரக்குக் கொண்டுபோகும் லாரியோ ஓர் இரவு தங்கித்தான் திரும்பும். லாரி என்று புறப்பட வேண்டும் என்று அவள் எழுதும் நடைப் புத்தகத்தில், அந்தப் பத்து நாளும் எதுவும் எழுதமாட்டாள். திருவிழாத் தேதியைக் கோயில் கமிட்டி ஆண்டுக்கு ஆண்டு மாற்றி வைக்கும். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனாலேயே ஒருவரும் எங்கும் குறித்து வைக்கவில்லை. மண் சரிவுக்கு மூன்று பேரை விசாரித்தவள், இதற்குத் தன்னை விசாரிக்க மறந்திருந்தாள்.

வரிசையைத் திருத்தி அச்சிட்டார்கள். நான்கு வருடப் பள்ளங்களும் நான்கு பெட்டிகளுக்குள் அடங்கின.

கனகராஜ் பையிலிருந்த மைப் பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். "காரணம் கெடச்சுடுச்சு. அறைய மூட வேண்டியதில்லன்னு எழுதலாம். ஆனா லோரிய நிறுத்தினது யாருன்னு மேல கேப்பாங்க. ஒரு பேர் வேணும். அந்த ஆளு வேல நிக்குமான்னு எனக்குத் தெரியாது."

வாசலில் நின்ற நாகப்பன் உள்ளே வந்தான். "நான்தான் சார் டிரைவர். கையில காப்பு கட்டினவனும் நான்தான். என் பேர எழுதிக்குங்க."

"அண்ணே, நீ சும்மா இரு. நான் போன்னு சொல்லி நீ மாட்டேன்னியா? போன்னு சொல்லவே இல்லியே நான்."

"படிச்சவ வேல போவக்கூடாது, புள்ள."

"படிச்சவதான் மறந்தா." அவள் கனகராஜின் பக்கம் திரும்பினாள். "அடுத்த வருசம் காப்புக்கு முந்தின வாரமே ரெண்டு நட கூட அனுப்பிடறேன் சார். கடைக்காரங்க கையில சரக்கு இருக்கும்."

மேசையில் கிடந்த அவருடைய மைப் பேனாவை எடுத்தாள். கடைசிப் பெட்டியின் கீழே, 'காப்பு நாட்கள். லாரி அனுப்பாதவர்: சந்திரமதி' என்று நிறுத்தி எழுதினாள். அதை அழிக்க நாகப்பனின் கை தாளை நோக்கி நீண்டது. சந்திரமதி தன் இடது உள்ளங்கையை எழுத்தின்மேல் படாமல் குடைபோலக் கவிழ்த்து, மை காயும்வரை அங்கேயே வைத்திருந்தாள்.