மேடையேற ஒரு ஆள் தேவை

வார நாட்களில் மென்பொருளில் பிழை பிடிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன், அங்கே பிழைகள் எதிர்த்துப் பேசும். என்னைப் போலவே ஆர்வக்கோளாறில் மாட்டிக்கொண்ட சக வாத்தியார்களே, நீங்களாவது என் கஷ்டத்தைக் கேளுங்கள். என் வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆறு பேர். ஆண்டு விழாவில் அவர்களில் ஒருவராவது தாளைப் பார்க்காமல் இரண்டு நிமிடம் தமிழில் பேச வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் எங்களை மழலையர் வகுப்போடு சேர்த்துவிடுவார்களாம். சேர்த்தால் ஆறு பேரும் நின்றுவிடுவார்கள்.

பத்து வினைச்சொற்கள்

பத்து வினைச்சொற்கள் எழுதி வரச் சொன்னேன். ரோஹன் முப்பது எழுதி வந்தான். ஈட் பண்ணு, ஸ்லீப் பண்ணு, ஜம்ப் பண்ணு என்று பக்கம் முழுக்கப் பண்ணுதான். "இது தமிழாடா?" என்றேன். பையன் அசரவே இல்லை.

"தமிழ் இஸ் ஸோ ஈஸி சார்! எங்கப்பா ஹோல் டே இப்படித்தான் பேசறார்."

விடைபெறும் முறை

கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக் கூடாது, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் பாடம் நடத்தினேன். வகுப்பில் நிவேதா மட்டும் அதைக் கவனமாகக் கேட்டாள். எனக்கு ரொம்பப் பெருமை. மறுநாளே அவள் அம்மா ஃபோன் செய்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முறைப்படி சொல்லிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்.

"வரேன்னு சொன்னாங்களேன்னு மூணு பிளேட் எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா சார். யாரும் வரமாட்டாங்கன்னு நீங்களே சொல்லிடுங்க!"

யார் பேசுவது?

விழாவில் பேச யார் தயார் என்று கேட்டேன். ஒருவனுக்கு சாக்கர், ஒருத்திக்கு அன்றைக்கென்று வயிற்றுவலி வரப்போகிறதாம். கடைசியில் நிவேதா கை தூக்கினாள். கும்பிடாத குறைதான். ஏன் முன்வந்தாய் என்று கேட்டிருக்க வேண்டாம்.

"மழலை கிளாஸ்ல சேர் ரொம்ப சின்னது சார். ஐ வோன்ட் ஃபிட்."

விழா நாள்

சிறப்பு விருந்தினர் ஹூஸ்டனிலிருந்து வந்த பெரிய டாக்டர். சிரிப்பே இல்லாத முகம். நிவேதா இரண்டு நிமிடமும் தாளைத் தொடாமல், ழகரம் பிசகாமல் பேசி முடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். டாக்டர் பதக்கத்தை மாட்டிவிட்டு, மைக்கிலேயே, "இவ்வளவு நல்ல தமிழ் எங்கேம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டார். நான் எழுதிக்கொடுத்த தமிழ் அதற்குள் தீர்ந்துவிட்டது. அவளிடம் மிச்சமிருந்தது அவள் அம்மா அவளைக் கொஞ்சுகிற தமிழ்தான். "வீட்லதான்டா செல்லம். நீ சாப்டியா?" என்றாள்.

நான் நாற்காலிக்கு அடியில் இடம் தேடினேன். டாக்டரின் முகம் மெல்ல மெல்ல இளகியது.

"இல்லடா தங்கம், காலைல இருந்து ஒருத்தரும் கேக்கல!"

மரியாதையை மேடையிலேயே பறிகொடுத்து வகுப்பைக் காப்பாற்றிக்கொண்ட ஒரே வாத்தியார் டெக்சாஸில் நானாகத்தான் இருப்பேன்.