ஒரு காதில் தோடு, ஒரு காதில் குச்சி

போச்சம்பள்ளிக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸின் வாட்ஸ்அப் குரூப்பில், காணாமல் போன ஒரு பெண்ணின் போட்டோ வந்தது. ஒரு காதில் தோடு. மறு காதில் ஏதோ சின்னக் கோடு. ஏஐ முகங்களில் இரண்டு காதும் ஒத்துப்போகாது என்று எதிலோ பார்த்திருந்தேன். "இது ஏஐ போட்டோ, யாரும் ஃபார்வர்டு பண்ணாதீங்க" என்று பெருமையாகப் போட்டேன். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் பஸ் நிற்கும் இடத்துக்கே அவளுடைய அக்கா என்னைத் தேடி வந்தாள்.

"ஒத்தத் தோடு தொலைஞ்சி போச்சுண்ணா. ஓட்டை தூந்துடும்னு தொடப்பக்குச்சி வெச்சிருந்தா."

என் மகளுக்கும் அப்படி ஒரு குச்சியை நானே ஒடித்துக் கொடுத்திருக்கிறேன்.

உடனே போட்டோவை எல்லா குரூப்புக்கும் அனுப்பினேன். ஓசூரிலிருந்து யாரோ பதில் போட்டார்: "அது ஏஐன்னு அப்பவே சொல்லிட்டாங்களே."

அவள் இன்னும் வீடு திரும்பவில்லை.